திறப்பு யாருடையது?

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கணினியிலே திறப்பு உண்டாக்கவும், பூட்டவும், கையொப்பமிடவும் உதவும் ஒரு கருவியைப் பற்றியது. பெரியோர்களுக்கு இஃது இளைஞரின் விளையாட்டெனத் தோன்றலாம். இளைஞருக்கோ, இவற்றையெல்லாம் கைத்தொலைபேசி தானாகவே செய்துவிடுகின்றதே, நாம் அறிந்து ஆவதென்ன என்று தோன்றலாம். இரு சாராரும் சற்றுப் பொறுமையுடன் கேட்கும்படி வேண்டுகின்றோம்.

ஒரு சங்கத்தின் கட்டிட நிதிக்காக, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் அங்கத்தவர்களுக்குக் காரியதரிசியின் பெயரால் ஒரு மின்னஞ்சல் போகின்றது என்று வைத்துக்கொள்வோம். பழைய வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் பணத்தை இன்ன இலக்கத்துக்கு அனுப்புக என்று அதில் எழுதியிருக்கின்றது. கடிதத் தலைப்பு சங்கத்தினுடையதே. அடியிலே காரியதரிசியின் கையெழுத்தும் காணப்படுகின்றது. ஆனால் தலைப்பையும் கையெழுத்துப் படத்தையும் பள்ளிச் சிறுவன் ஒருவன்கூட அரை மணி நேரத்திற் பிரதிபண்ணிவிடுவான். அங்ஙனமாயின் அக்கடிதத்தை நம்புவது எவ்வாறு? பலரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இக்கேள்வியிலே தங்கியிருக்கின்றது.

இதற்கு விடை தருவது பொதுத் திறப்பு முறை. முற்காலத்து இரகசிய எழுத்து முறைகளிலெல்லாம் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே திறப்புத்தான். அத்திறப்பை மற்றவரிடம் களவு போகாமற் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெருந் தொல்லையாயிருந்தது. 1976ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் பூட்டுந் திறப்பு வேறு, திறக்குந் திறப்பு வேறாக இருக்கலாம் என்று எழுதினர். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அதனைச் செய்கையிற் காட்டினர். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துக்களாலேயே அம்முறை ஆர்.எஸ்.ஏ. எனப்படுகின்றது. பிரித்தானிய அரசாங்கத்தின் இரகசியப் பகுதியொன்றில் கிளிஃபோர்ட் கொக்ஸ் என்பவர் 1973ஆம் ஆண்டிலேயே இம்முறையைக் கண்டிருந்தார். அச்செய்தி 1997ஆம் ஆண்டு வரை வெளியாகவில்லை.

இம்முறையிலே ஒவ்வொருவருக்கும் திறப்புகள் இரண்டு. ஒன்று பொதுத் திறப்பு. அதனை ஊரறியக் கொடுக்கலாம். மற்றையது அந்தரங்கத் திறப்பு. அதனை உடையவர் ஒருவரே வைத்திருத்தல் வேண்டும். தபாற் பெட்டிக்குள் எவரும் கடிதம் போடலாம், எடுக்கத்தக்கவர் தபாற்காரர் ஒருவரே. அதுபோலப் பொதுத் திறப்பினால் எவரும் பூட்டலாம், அந்தரங்கத் திறப்புடையவரே திறக்கலாம். கையொப்பத்திலே இது மாறி நடக்கும். அந்தரங்கத் திறப்பினால் உடையவர் ஒப்பமிடுவார், பொதுத் திறப்பினால் எவரும் அவ்வொப்பத்தைச் சோதிக்கலாம்.

இதற்கு ஆதாரமானது ஓர் எளிய கணக்கு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்த தொகையிலிருந்து அவ்விரண்டையும் பிரித்தெடுப்பது மகா கடினம். 1977ஆம் ஆண்டிலே 129 இலக்கங்கள் கொண்ட எண்ணொன்றைப் பத்திரிகையில் வெளியிட்டு, முடிந்தவர் பிரித்துக் காட்டுக என்றனர். 17 ஆண்டுகளின் பின், 1994இல், ஏறக்குறைய 600 தொண்டர்கள் தங்கள் கணினிகளை ஒன்றுசேர்த்து உழைத்தே அதனைப் பிரித்தனர். இன்று சாதாரணமாக வழங்கும் திறப்பின் எண்ணுக்கு 617 இலக்கங்கள்.

இனிக் கருவிக்கு வருவோம். அதன் பெயர் ஓப்பன் எஸ்.எஸ்.எல். எரிக் யங், ரிம் ஹட்சன் என்போர் செய்த பழைய கருவியொன்றிலிருந்து 1998ஆம் ஆண்டில் இது தோன்றியது. விலையில்லாதது, உள்ளமைப்பை எவரும் வாசித்துப் பார்க்கத்தக்கது. இதனை உபயோகிக்கப் படங்களும் பொத்தான்களும் வேண்டியதில்லை. கறுப்புத் திரையிலே கட்டளையை எழுத்தாக அடித்தால், அது வேலையைச் செய்துவிட்டு ஒரு வரியிற் பதில் சொல்லும்.

முதற் கட்டளை ஜென்-பீ-கீ என்பது. அது அந்தரங்கத் திறப்பை உண்டாக்கும். அத்திறப்பைக் கடவுச்சொல் ஒன்றினால் மூடிவைக்கும்படி அப்பொழுதே சொல்லுதல் நன்று. இரண்டாவது பீ-கீ. அது அந்தரங்கத் திறப்பிலிருந்து பொதுத் திறப்பை எடுத்துத் தரும். மூன்றாவது டி-ஜி-எஸ்-ரி. எத்துணை நீண்ட கடிதமாயினும் அது முதலில் 32 பைற்றுச் சாரமாகச் சுருக்கி, அச்சாரத்தின் மேல் ஒப்பமிடும். கடிதத்தில் ஒரு புள்ளி மாறினாலும் சாரம் முற்றாக மாறிவிடும். பெற்றவர் அதே கட்டளையைப் பொதுத் திறப்புடன் கொடுத்தால், ஒப்பம் சரி அல்லது ஒப்பம் தவறு என்று பதில் வரும். வங்கிக் கணக்கு இலக்கத்தில் ஓர் எண்ணை மாற்றியவன் அவ்விடத்திலே அகப்படுவான்.

நான்காவது பீ-கீ-யூற்றில் என்பது. அது பொதுத் திறப்பினால் நேரே பூட்டவும் அந்தரங்கத் திறப்பினால் திறக்கவும் உதவும். புதிதாகப் பழகுபவர் பலர் இதிலே தடுமாறுவர். முழுக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு, கருவி ஏற்கவில்லையே என்று மலைப்பர். 2048 பிற்றுத் திறப்பு சாதாரண முறையில் 245 பைற்றுக்கு மேல் ஏற்காது. கணினியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைற்று இடம் பிடிப்பதால், இரண்டு மூன்று வரிகள்கூட அதற்குள் அடங்குவது அரிது. ஆதலின் ஒருமுறைக்கு மட்டும் உதவும் சிறு திறப்பொன்றை உண்டாக்கி, கடிதத்தை அதனாற் பூட்டி, அச்சிறு திறப்பை மாத்திரம் பீ-கீ-யூற்றிலினால் பூட்டி அனுப்புவதே முறை. பெரிய பெட்டகத்தின் திறப்பைச் சிறிய உறையிலிட்டு முத்திரை வைப்பது போன்றது இது.

அன்பர்களே, இதுவரை சொன்னதை ஒரு மாலைப் பொழுதிற் பழகிவிடலாம். நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான் இருக்கின்றது. ஒப்பம் சரி என்று கருவி சொல்லும்போது, அது சொல்வது யாது? இப்பொதுத் திறப்புக்கு இணையான அந்தரங்கத் திறப்பினால் இவ்வொப்பம் இடப்பட்டது என்பது மாத்திரமே. அத்திறப்பு காரியதரிசியினுடையதா, வஞ்சகன் ஒருவன் நேற்று உண்டாக்கி அவர் பெயரை ஒட்டியதா என்பது கருவிக்குத் தெரியாது. வஞ்சகனும் ஜென்-பீ-கீ அறிவான். அவன் தன் பொய்த் திறப்பையும் பொய்க் கடிதத்தையும் சேர்த்தே அனுப்பினால், கருவி மனமாரச் சரி என்றே சொல்லும்.

இது வெறுங் கற்பனையெனக் கருதவேண்டாம். இன்ன திறப்பு இன்னாருடையது என்று சான்று கொடுக்கும் தொழிலை நெதர்லாந்து தேசத்தில் டிஜிநோட்டார் என்னும் நிறுவனம் செய்துவந்தது. 2011ஆம் ஆண்டிலே கள்வர் அதன் கணினிகளுட் புகுந்து 500க்கு மேற்பட்ட பொய்ச் சான்றுகளை உண்டாக்கினர். கூகிள் நிறுவனத்தின் பெயரால் ஒரு சான்றும் அவற்றுள் இருந்தது. ஈரானிலே ஏறக்குறைய 3 இலட்சம் இணைய முகவரிகளைச் சேர்ந்தோர் அப்பொய்ச் சான்றை எதிர்கொண்டனர். தம் கடிதங்களை எவன் வாசிக்கின்றான் என்று அவர்கள் அறியார். கணக்கிலே ஒரு பிழையும் இல்லை, ஒப்பங்களெல்லாம் சரியாகவே இருந்தன. சாட்சியே களவு போயிற்று. அந்நிறுவனம் அதே ஆண்டு செப்டெம்பரில் முறிந்தது.

மற்றுமொரு சம்பவம் திறப்பின் பிறப்பைப் பற்றியது. டெபியன் என்னும் இயக்க முறைமையில், 2006ஆம் ஆண்டு இக்கருவியைத் திருத்தியவர்கள் எழுமாற்று எண்களுக்கு ஊற்றாயிருந்த ஒரு பகுதியை நீக்கிவிட்டனர். 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் அது வெளிப்பட்டபோது, ஒவ்வொரு வகையிலும் 32,767 திறப்புகளே பிறக்கக்கூடியனவாக இருந்தமை தெரியவந்தது. இரண்டு வருடங்களாக உலகமெங்கும் பலர், எவனும் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கத்தக்க திறப்புகளை நம்பியிருந்தனர். ஆதலின் கருவியைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்தல் வேண்டும். பழைய திறப்பைப் பரம்பரைச் சொத்தாக வைத்திருத்தல் ஆகாது.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது என்ன? ஒவ்வொரு பொதுத் திறப்புக்கும் விரலடையாளம் ஒன்று உண்டு. கருவியைக் கேட்டால் 64 எழுத்துக்களில் அதனைத் தரும். எமது காரியதரிசி தமது விரலடையாளத்தை வருடாந்தப் பொதுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்து, அது கூட்டக் குறிப்பிற் பதியப்பட்டு, இம்மலரிலும் அச்சாகுதல் வேண்டும் என்பது எமது யோசனை. அச்சாகி ஆயிரம் கைகளுக்குப் போன எழுத்தை ஒருவன் இரவோடிரவாக மாற்ற முடியாது. வெளிநாட்டிலிருப்பவர், மலரைத் திறந்து நான்கு நான்கு எழுத்துக்களாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐயமிருந்தால் குரல் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து வாசிக்கச் சொல்லலாம். காரியதரிசி மாறும்போது, புதியவரின் திறப்பின் மேல் பழையவர் ஒப்பமிட்டுக் கொடுத்து, தமது திறப்பு முடிவுற்றதெனவும் அறிவித்தல் வேண்டும். அந்தரங்கத் திறப்பை மின்னஞ்சலில் அனுப்புவதும், நண்பனிடம் கொடுத்து வைப்பதும் ஒருபோதும் ஆகா.

இலங்கையிலே 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியற் கையொப்பத்தையும் ஏற்றுக்கொள்கின்றது. எனவே திறப்பைக் கவலையீனமாக வைப்பது, வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டு மேசைமேல் விட்டுப்போவதற்கு ஒப்பாகும்.

வாலிப அன்பர்களே, கட்டளைகளைப் பழகுவது உங்கள் கடமை. பெரியோர்களே, இவர் இன்னார், இவர் குரல் இது, இவரை நாம் அறிவோம் என்று சொல்லும் தகுதி உங்களிடமே இருக்கின்றது. அதனை எக்கருவியும் உங்களுக்குப் பதிலாகச் செய்யாது. அடுத்த பொதுக் கூட்டத்திலே காரியதரிசி அந்த 64 எழுத்துக்களையும் வாசிக்கும்போது, அலுப்படையாது இருந்து கேட்டு, கூட்டக் குறிப்பில் சாட்சியாக ஒப்பமிடும்படி உங்களைக் கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.