ஒட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை

மே மாதம் வந்தால் போதும், பள்ளி வாசல்களில் ஃப்ளெக்ஸ் பேனர்கள் ஏறிவிடும். பிள்ளையின் படம், பெயர், மொத்த மதிப்பெண், எந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு என்ற விவரம். அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த பேனர்களைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

நடுவயதைத் தாண்டிய நேயர்களுக்கு அந்த மாலைப் பத்திரிகை நினைவிருக்கும். தேர்வு முடிவு வரும் நாளில் பத்திரிகைக் கட்டு பேருந்தில் வந்து இறங்கும். பிரிப்பதற்குள் பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள். பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் பதிவெண்கள், அதுவும் தேறியவர்களின் எண்கள் மட்டும். பெயர் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஹால் டிக்கெட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகை விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே போவார்கள். எண் விடுபட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் முதலில் தெரியும். ஊர் விசாரிக்காமல் விடாது, அது உண்மைதான். ஆனாலும் யாரிடம் எப்போது சொல்வது என்று பிள்ளையே முடிவுசெய்ய ஓர் இரவாவது கிடைத்தது. மாநிலம் முழுவதற்குமான முடிவும் பகிரங்கமாக அச்சாகியும் தவறிய பிள்ளையின் மானத்துக்குப் பங்கம் வரவில்லை. அந்த ஏற்பாட்டை இன்றைக்கும் நான் மெச்சுகிறேன்.

இன்று முடிவு நேரே கைபேசிக்கு வந்துவிடுகிறது. பிள்ளைக்கு அது நல்லதுதான். அதற்குப் பிறகு வகுப்பின் முழுப் பட்டியலும் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டே மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. சிபிஎஸ்இ வாரியமும் தகுதிப் பட்டியல் வெளியிடுவதை விட்டுவிட்டது. அவர்கள் இறக்கி வைத்ததைப் பள்ளிகள் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

எங்கள் பள்ளியில் ஒரு மாணவி பிளஸ் டூவில் முதலாவதாக வந்தாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் செலவில் பேனர் வைக்க முன்வந்தார். அந்தப் பெண் என்னைத் தனியாகப் பார்த்து, “டீச்சர், என் படம் வேண்டாம். என் சிநேகிதி கணக்குல போயிட்டா. தினமும் இந்த வழியாத்தான் அவ கடைக்குப் போகணும்” என்றாள். பெரியவரிடம் சொன்னேன், அவர் மறுபேச்சின்றி அந்தப் பணத்தை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் சிநேகிதி துணைத் தேர்வு எழுதித் தேறி, அதே ஆண்டு கல்லூரியில் சேர்ந்தாள்.

பரிசே கூடாது என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை, நேயர்களே. ஆண்டு விழா மேடையில் பெயர் கூப்பிடும்போது எழுந்து வரும் பிள்ளையின் நடையைப் பாருங்கள், அந்த அழகே தனி. அரையாண்டில் முப்பது வாங்கி முழுஆண்டில் அறுபதைத் தொட்ட பையனுக்கும் எங்கள் மேடையில் பரிசு உண்டு. அப்படி ஒரு பையன் வாங்கியபோது அவன் பாட்டி கீழே இருந்து குலவை போட்டார். முதல் பரிசுக்குக்கூட அன்று அவ்வளவு கைதட்டல் இல்லை.

நேரம் நெருங்கிவிட்டது, முடிப்பதற்கு முன் சட்டம் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளி நடத்துவோரே, உங்கள் தேர்ச்சி விழுக்காட்டைத் தாராளமாக எழுதிப் போடுங்கள். பிள்ளையின் மதிப்பெண்ணை அதன் கையில் கொடுங்கள். படம் போடுவதற்கு முன் பெற்றோரைக் கேளுங்கள், பிள்ளையையும் கேளுங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தேர்வில் தவறிய பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், துணைத் தேர்வு இருக்கிறது, மறுகூட்டல் இருக்கிறது. மனம் விட்டுப் பேச 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது. தயங்காமல் கூப்பிடுங்கள்.