அகத்தியர் கூடம்: பாறை ஏற்றமும் மலையின் பயனும்

மலையேற்றம் என்றதும் இமயத்தின் பனிச் சிகரங்களே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆயினும் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, விதுரா என்னும் சிற்றூருக்கு அப்பால், பாறை ஏறுவோரை அழைக்கும் உச்சி ஒன்று உண்டு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடமே அது. போணக்காடு தோட்டப் பகுதியிலிருந்து காட்டு வழியே நடப்போர் அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சிக்கு ஏறுகின்றனர். இறுதிக் கட்டத்தில் செங்குத்தான பாறைகளைக் கயிற்றைப் பற்றியே கடக்க வேண்டும்.

இம்மலையின் பயனை எவ்வாறு கணக்கிடுவது? நுழைவுக் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் கணக்கு முழுமை பெறாது. இம்மலைத் தொகுதியில் தோன்றும் கரமனை ஆறே, பேப்பாறை, அருவிக்கரை அணைகளின் வாயிலாகத் திருவனந்தபுரம் நகருக்குக் குடிநீர் தருகிறது. கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி நெல்லைச் சீமையின் வயல்களை விளைவிக்கிறது. எல்லைக்கோடு மலையைப் பிரிக்கலாம், நீரைப் பிரிப்பதில்லை.

அறிவின் ஊற்றாகவும் இம்மலை விளங்கியுள்ளது. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், 1850களில் இம்மலை மீது ஆய்வு நிலையம் அமைத்து வானிலையையும் புவிக் காந்தத்தையும் அளந்தார். 1987இல் தாவர ஆய்வாளர்கள் இக்காட்டில் பயணம் செய்தபோது, வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஒரு செடியின் கனியை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை நிறுவனம் ஒன்றுக்குத் தயாரிப்பு உரிமம் அளித்தது. உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது; அதனைப் பெற 1997இல் அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. மரபறிவுக்குப் பங்கு தரும் இம்முறை உலக அரங்கில் பெரிதும் பேசப்பட்டது.

இத்தகைய மலைக்கு எத்தனை பேர் செல்லலாம்? 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இடம்பெற்றது. வனத்துறை பருவத்தையும் ஆள்தொகையையும் வரையறுத்தே அனுமதி வழங்குகிறது. பெண்களுக்கு இருந்த தடையைக் கேரள உயர்நீதிமன்றம் 2018இல் நீக்கியது. 2019 ஜனவரியில் பெண்களும் ஏறினர். மலையைத் தெய்வமாகப் போற்றும் காணி மக்களிடையே அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. சட்டத்தின் சமத்துவமும் குடிகளின் நம்பிக்கையும் இவ்வாறு எதிர்ப்படும்போது, பொறுமையான கலந்துரையாடலே வழியாகும்.

ஏறுவோரின் எண்ணிக்கையைப் பெருக்குவது எளிது. மிதிபட்ட சோலையை மீட்பது கடினம். எனவே சுற்றுலாத் திட்டம் தீட்டுவோர் முதலில் மலை தாங்கும் அளவை அறிதல் வேண்டும். அடுத்து, வருவாயில் வழிகாட்டிக்கும் சுமை தூக்குவோருக்கும் உரிய பங்கை எழுத்தில் உறுதி செய்தல் வேண்டும். பாதை அறிந்தவன் பயனிலும் பங்கு பெறும்போதுதான் மலையேற்றம் வளர்ச்சிப் பணியாகும்.