மின்சாரம் சொல்லும் கணக்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிறைந்த இம்மேடையில் மின்சாரக் கணக்கைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நான் இன்ஜினியர் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகப் பேரேடுகளில் எண்களைக் கூட்டி வருபவன். இக்கணக்குக்கோ பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். குளிர்காலம் பிறந்துவிட்டால் நம் காலனியில் வீட்டுக்கு வீடு ஹீட்டர் எரிகிறது. அந்நாட்களில் நம் குழந்தைகள் அச்சமின்றி உறங்க இக்கணக்கு உதவும்.

காலனியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் நீரைத் தள்ளுகிறது. மின்சாரத்தில் அத்தகைய அழுத்தத்தை வோல்ட் என்று அளக்கிறோம். ஒரு நொடியில் குழாய் வழியே எவ்வளவு நீர் ஓடுகிறது என்பது போன்றது மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். குழாயின் குறுகல் நீரைத் தடுப்பதுபோல் கம்பி மின்னோட்டத்தைத் தடுக்கிறது. அத்தடையின் அளவு ஓம்.

இம்மூன்றுக்கும் உள்ள உறவை 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியர். பூட்டுத் தொழிலாளியின் மகன். கோலோன் நகரில் பள்ளி ஆசிரியர். அவர் எதிர்பார்த்த வரவேற்பு அந்நூலுக்குக் கிட்டவில்லை. மனம் வருந்தி வேலையையும் துறந்தார். பதினான்கு ஆண்டுகள் சென்ற பின், 1841இல், லண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்து அவரைப் பெருமைப்படுத்தியது. இன்று உலகமெங்கும் மின்தடையின் அளவு அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவர் கண்டது இதுவே: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். அதே இரண்டு எண்களைப் பெருக்கினாலோ, அக்கருவி செலவழிக்கும் திறன் வாட் கணக்கில் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு: 230 வோல்ட்டில் ஒரு ஹீட்டர் 8 ஆம்பியர் இழுக்கிறது. 230ஐ 8ஆல் வகுத்தால் அதன் தடை 28.75 ஓம். 230ஐ 8ஆல் பெருக்கினால் திறன் 1,840 வாட். ஒரு மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 1.84 யூனிட். மாத மின்கட்டணம் ஏன் ஏறுகிறது என்பதை இனி நாமே கணக்கிட்டு அறியலாம்.

வோல்ட்டேஜ் 184க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தடை மாறாதிருந்தால், ஓட்டம் 6.4 ஆம்பியர், திறன் ஏறக்குறைய 1,178 வாட். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கே குறைந்தது. சூடோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. வெந்நீர் தாமதமாவதற்கு, ஹீட்டரை விற்ற கடைக்காரரைக் குறை கூறிப் பயனில்லை.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். இவ்வாறு நேராகப் பெருக்குவது ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாக்கும் கருவிகளுக்குப் பொருந்தும். மின்விசிறி, தண்ணீர் பம்ப் ஆகிய மோட்டார்களுக்கு உண்மையான திறன் இப்பெருக்குத் தொகையைவிடக் குறைவாயிருக்கும்.

இனி அபாயத்துக்கு வருகிறேன். கம்பியிலும் இணைப்பிலும் எழும் சூடு, ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அத்தொகையைத் தடையால் பெருக்கக் கிடைப்பது. தளர்ந்துபோன ஒரு பிளக்கில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 4 ஆம்பியர் ஓடினால் 8 வாட் சூடு. 8 ஆம்பியர் ஓடினால் 32 வாட். 12 ஆம்பியர் ஓடினால் 72 வாட்! ஓட்டம் மும்மடங்கானால் சூடு ஒன்பது மடங்காகிறது. ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஹீட்டருக்கு 8 ஆம்பியர், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4 ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டையும் ஒரே 6 ஆம்பியர் பிளக்கில் சேர்த்து மாட்டினால் என்னவாகும் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

இக்கணக்கின் பெருமையை நம் இருப்புப் பாதையிலேயே காணலாம். 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாயிலிருந்து குர்லாவுக்கு ஓடிய முதல் மின்சார ரயிலும், 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயிலும் 1,500 வோல்ட்டில் இயங்கின. இன்று நம் ரயில் பாதைகளில் பெரும்பாலும் 25,000 வோல்ட் பாய்கிறது. காரணம் யாது? 30 லட்சம் வாட் திறனுக்கு 1,500 வோல்ட்டில் 2,000 ஆம்பியர் வேண்டும். 25,000 வோல்ட்டிலோ சுமார் 120 ஆம்பியரே போதும். ஓட்டம் குறையக் குறையக் கம்பியில் வீணாகும் சூடு பன்மடங்கு குறைகிறது; மெல்லிய கம்பியும் தாங்குகிறது.

ஆகவே அன்பர்களே, மூன்று வேண்டுகோள்கள். கருவியின் தகட்டில் உள்ள வாட்டை 230ஆல் வகுத்து, எத்தனை ஆம்பியர் என்று பார்த்த பிறகே பிளக்கில் மாட்டுங்கள். பிளக் சுட்டாலோ கருகிய வாடை வந்தாலோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைக் கட்டாதீர்கள். பியூஸ் என்பது நம் வீட்டுக் காவற்காரன். அவன் கூவும்போது, ஏன் கூவுகிறான் என்று பார்க்க வேண்டுமேயன்றி, அவன் வாயைக் கட்டுதல் தகாது.

பள்ளி செல்லும் பிள்ளைகள் இன்றிரவே வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் இக்கணக்கைப் போட்டு, ஒரு தாளில் எழுதி மெயின் சுவிட்சின் அருகே ஒட்டிவைக்கட்டும்.