பராமரிப்புப் பணிக்கும் கல்வி வேண்டும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிவாசல் அலுவலகத்திற்கு வருகின்றனர். உதவித்தொகை விண்ணப்பத்தில் அவர்கள் எழுதும் படிப்புகள் நான்கைந்துதான்: பொறியியல், வணிகவியல், கணினி, நர்சிங், பெண்பிள்ளையாயின் பி.எட். இவற்றில் எதனையும் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு கல்வியைப் பற்றிப் பேசவே எழுந்துள்ளேன். ஆதரவற்ற சிறுவர்கள், மனநோயாளிகள், முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்குப் பணிபுரிவதற்கான கல்வி அது. சமூகப்பணி, மனித மேம்பாடு, சிறப்புக் கல்வி என்னும் பெயர்களில் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது.

‘இதற்கெல்லாம் படிப்பு எதற்கு? இரக்க குணம் போதாதா?’ என்று கேட்போர் உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். எழுந்தோட வழியின்றி 28 பேர் மாண்டனர். பிணைத்தவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் மனநோயைப் பற்றிய அறிவு இல்லாத இடத்தில் சங்கிலியே மருந்தாகிவிடுகிறது என்பதுதான் நாம் காண மறுக்கும் உண்மை.

சிறுவர் இல்லங்களின் நிலையும் நீதிமன்றம் வரை சென்றது. மாமல்லபுரத்து அனாதை இல்லங்களில் சிறுவர்கள் கொடுமைக்குள்ளாவதாக 2007இல் வெளிவந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையை உச்ச நீதிமன்றம் வழக்காக ஏற்றது. பத்தாண்டுகளுக்குப் பின்னர், 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. எல்லாச் சிறுவர் இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதோடு, அங்கே பணிபுரிவோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதையும் நீதிமன்றம் வலியுறுத்தியது. அதற்கு முன்னரே, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கிவிட்டது. பதிவின்றி இல்லம் நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இல்லத்திலுள்ள பிள்ளையை அடித்துத் திருத்துவதும் அச்சட்டப்படி குற்றமே. யதீம்கானா என்பதால் நமக்கு விலக்கு ஏதும் இல்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் தாயையும் இழந்தவர்கள். ஆதலால் யதீமைப் பேணுவதன் சிறப்பை உங்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. மதரஸாவில் ஃபிக்ஹு பாடத்தில் யதீமின் சொத்தை எவ்வாறு காப்பது, எப்போது ஒப்படைப்பது என்பதை நாங்கள் நுணுக்கமாக ஓதினோம். இரவில் படுக்கையை நனைக்கும் எட்டு வயதுச் சிறுவனிடம் மறுநாள் காலையில் என்ன பேசுவது என்பது வேறொரு கல்வி. அதனைக் கற்றவர் அவனை ஏசமாட்டார். மற்றப் பிள்ளைகளின் முன் நிறுத்தவும் மாட்டார். எப்போதிலிருந்து இவ்வாறு நிகழ்கிறது, விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்த பின்னரா, அவனை எவரேனும் மிரட்டினார்களா என்று பொறுமையாக விசாரிப்பார். உடல்நோயா என்று அறிய மருத்துவரிடமும் காட்டுவார்.

இதைக் கல்லூரியில் எவ்வாறு கற்பிக்கிறார்கள்? சமூகப்பணி மாணவர் வாரம் முழுவதும் வகுப்பில் அமர்ந்திருப்பதில்லை. பொதுவாக வாரத்தில் இரண்டு நாட்கள் மருத்துவமனை, சிறுவர் இல்லம், குடிசைப் பகுதி என ஏதேனும் ஓரிடத்தில் களப்பணி ஆற்றுகிறார். அங்கே எவரைச் சந்தித்தார், அவர் என்ன சொன்னார், தாம் என்ன சொன்னார் என்று அறிக்கை எழுதுகிறார். பேராசிரியர் அதைப் படித்து, ‘அந்தத் தாய் அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்?’ என்று கேட்கிறார். நம் ஹிஃப்ளு வகுப்பில் உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிக்காட்டித் திருத்தம் பெறும் முறைக்கு இது வெகு நெருக்கமானது.

இக்கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. பம்பாயில் 1936இலேயே டாட்டா அறக்கட்டளை இதற்கெனக் கல்லூரி தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் சமூகப்பணிக் கல்லூரி எழுந்தது. குழந்தை வளர்ச்சி பற்றிய மனித மேம்பாட்டுப் பாடத்திற்குக் கோவை அவினாசிலிங்கம் பெண்கள் நிறுவனம் பெயர் பெற்றது. மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்விக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. எந்தப் பட்டம் பெற்றவரும் பெரும்பாலான கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம், ஆலிம் பட்டத்தோடு பல்கலைக்கழகப் பட்டமும் பெற்ற நம் இளைய ஆலிம்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியூர் செல்ல இயலாத சகோதரிகளுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. களப்பணி அங்கும் கட்டாயம். ஓர் எச்சரிக்கை: உளவியலைத் தொலைநிலையில் கற்பிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் நிறுத்திவிட்டது. அஞ்சல்வழியில் உளவியல் பட்டம் தருவதாக விளம்பரம் கண்டால் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஊதியத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உள்ள பணியிடங்கள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை, சம்பளமும் மிகுதியன்று. சமூகப்பணி படிக்க வருவோரிலும் பலர் மனிதவளப் பிரிவைத் தேர்ந்து நிறுவனங்களுக்குச் சென்றுவிடுகின்றனர். குடும்பப் பொறுப்பு உள்ளவர்கள் அவர்கள். அதில் குறைகாண நமக்கு உரிமையில்லை. எனவேதான் இது தனி மாணவரின் தியாகத்திற்கு விடவேண்டிய காரியம் அன்று என்கிறேன். கட்டடம் எழுப்ப நாம் தயங்காமல் வசூலிக்கிறோம். மாடிக்கு டைல்ஸ் பதித்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அம்மாடியில் உறங்கும் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் என்றால் மட்டும் கணக்குப் பார்க்கிறோம்.

நம் யதீம்கானாவின் மேலாளர் காலையில் சுப்ஹு தொழுகைக்கு எழுப்புவது முதல் இரவு விளக்கணைப்பது வரை தனியொருவராக நிற்கிறார். கணக்கும் அவரே, சமையல் சாமானும் அவரே. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் எழுதிவைக்க வேண்டும் என்கிறது சட்டம். அதையும் அவர் தலையிலேயே சுமத்தினால் காகிதம் நிரம்பும். பிள்ளையின் கவலை அப்படியே இருக்கும்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் இரண்டு கோரிக்கைகளை வைத்துள்ளேன். இவ்வாண்டு கல்வி உதவித்தொகையில் இரு இடங்களை, ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்குமாக, இப்படிப்புகளுக்கென ஒதுக்க வேண்டும். படித்து முடித்தபின் இரண்டாண்டுகள் உரிய சம்பளத்தோடு யதீம்கானாவில் பணி வழங்க வேண்டும். அவர்கள் படித்து வரும்வரை, தகுதிபெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவரை வாரம் இருமுறையேனும் வரவழைக்க வேண்டும். அவர் நம் சமுதாயத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையின் மனத்தை அறிந்தவராக இருந்தால் போதும்.

இது இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருளாக உள்ளது. கருத்து வேறுபாடு உள்ளவர்கள் இங்கேயே எழுந்து சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பப் படிவங்கள் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும். பெண்பிள்ளைகளின் படிவங்களைத் தாய்மார்களே நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம். வஸ்ஸலாம்.