புதிய கொடி, பழைய திடல்

ஒரு நாடு விடுதலை பெற்றதும் செய்ய விரும்பும் முதல் காரியங்களில் ஒன்று, தன் கொடியோடு ஓர் அணியைப் பன்னாட்டு விளையாட்டு விழாவுக்கு அனுப்புவது. 1948 பிப்ரவரி 4இல் விடுதலை பெற்ற இலங்கை, ஆறு மாதம் முடியுமுன் லண்டன் ஒலிம்பிக்கில் அணிவகுத்தது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கியபோது வட ரொடீசியா என்ற பெயரோடு திடலுக்குள் வந்த வீரர்கள், நிறைவு நாளான அக்டோபர் 24 அன்று சாம்பியா என்ற புது நாட்டின் வீரர்களாக நடந்து சென்றார்கள். இந்த அவசரத்துக்குக் காரணம் எளிது. ஐக்கிய நாடுகள் அவையில் பெறும் இருக்கையை மக்கள் பார்ப்பதில்லை. திடலில் ஏறும் கொடியை எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தக் கொடி ஏறிய நாள்களைக் கொண்டாடும் எழுத்து நம்மிடம் நிறைய உண்டு. இந்தக் கருத்தரங்கு கேட்க வேண்டியது வேறொரு கேள்வி: அப்படிக் கிடைத்த முதல் பதக்கங்கள் யாருடைய விளைச்சல்? விடுதலையை ஒட்டிக் கிடைத்த பதக்கம் விடுதலைக்கு முன் இருந்த ஏற்பாடுகளின் பலன் என்பதும், விடுதலையின் சொந்தப் பலனைக் காண இருபது முப்பது ஆண்டுகள் கழித்து யாருடைய பிள்ளைகள் திடலுக்கு வர முடிந்தது என்று பார்க்க வேண்டும் என்பதும் என் கருத்து.

சான்றுகளை 1948இலிருந்தே தொடங்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 12இல் வெம்பிளியில் பிரிட்டனை 4-0 என்று வென்று இந்தியா ஹாக்கித் தங்கம் பெற்றது. கிஷன் லால் தலைவர். இரண்டு கோல் போட்டவர் பல்பீர் சிங். பல்பீர் பஞ்சாப் காவல்துறை தந்த வீரர். லெஸ்லி கிளாடியஸ் பெங்கால் நாக்பூர் ரயில்வே தந்த வீரர். ராணுவமும் ரயில்வேயும் போலீஸும் மிஷன் பள்ளிகளும் பல பத்தாண்டுகளாக வளர்த்த ஆட்டம் அது. இதே ஏற்பாட்டின் இன்னொரு பகுதி எல்லைக்கு அப்பால் போயிருந்தது. 1936இல் பெர்லின் இறுதி ஆட்டத்தில் தியான் சந்தோடு இந்தியாவுக்காக ஆடிய அலி தாரா, 1948இல் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை ஏற்று லண்டன் வந்தார். ஒரே பள்ளியில் படித்தவர்கள் இரண்டு கொடிகளின்கீழ் நின்றதைப் போன்ற நிலை. இலங்கைக்கு அதே ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 51.8 வினாடியில் வெள்ளி பெற்றுத் தந்த டங்கன் வைட், கண்டி டிரினிட்டி கல்லூரியின் மாணவர். சென்னையின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் இந்தியா முழுதும் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்பிவைத்த நாற்றங்கால். அதே பக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளர். புதிய நாடு பிறந்தபோது ஆசிரியரும் பயிற்சியும் போட்டி முறையும் ஏற்கெனவே இருந்தன. கொடி ஒன்றுதான் புதிது.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு வலுவானது. வெம்பிளி வெற்றியை வெறும் பழைய விளைச்சல் என்று சொன்னால், அன்று அந்த வீரர்கள் அடைந்த பெருமிதத்தைச் சிறுமைப்படுத்துவதாகாதா? 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் இந்தியா ஹாக்கித் தங்கம் வென்றது. அந்த மூன்றிலும் பிரிட்டன் ஹாக்கிக்கு அணி அனுப்பவில்லை. ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒலிம்பிக் ஹாக்கியில் முதன்முறையாக எதிரெதிரே நின்றது 1948இல்தான், அதுவும் முதல் விடுதலை நாள் விழாவுக்கு மூன்று நாள் முன்பு. சமமாக எதிரே நிற்கும் உரிமையை விடுதலை தந்தது என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அது சிறிய வரவன்று. ஆனால் எதிரே நிற்கும் உரிமை வேறு, நின்று வெல்லும் திறன் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் நாம் பின்னால் பெரிய விலை கொடுத்தோம். வென்றாயிற்று, இனி தானாகவே வெல்வோம் என்ற நம்பிக்கை ஒரு தலைமுறை முழுதும் நம்மை உறங்க வைத்தது.

விடுதலையின் சொந்தப் படைப்பு என்று தயங்காமல் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. 1951 மார்ச் 4 முதல் 11 வரை டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆசிய நாடுகளுக்கென்று ஒரு கூட்டமைப்பு 1949 பிப்ரவரியில் டெல்லியில் உருவானது; ஜி.டி. சோந்தி அதற்கு வித்திட்டவர், அந்தோணி டி மெல்லோ நடத்திக் காட்டியவர். பதினொரு நாடுகள் வந்தன. பர்மா, இலங்கை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை இந்தியாவைப் போலவே அப்போதுதான் தம் கொடியை ஏற்றியவை. 1948 லண்டனுக்கு அழைக்கப்படாத ஜப்பானுக்கு டெல்லியில் இடம் கிடைத்தது. யாரை அழைப்பது, எதை ஆடுவது, எந்த விதிப்படி ஆடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் முதன்முறையாக ஆசியர் கையில் இருந்தது. அதன் அருமை 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தெரிந்தது. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசிய அரசு நுழைவு மறுத்தபோது சோந்தி அதை எதிர்த்தார். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அந்தப் பகை நிறைந்த கூட்டத்தின் நடுவே ஆடித்தான் இந்தியக் கால்பந்து அணி தென் கொரியாவை 2-1 என்று வென்றது. ஆசியரின் நடுவே எழுந்த பூசலை ஆசியரே பேசவும் எதிர்க்கவும் செய்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். டெல்லியில் இந்தியா 15 தங்கம் பெற்று ஜப்பானுக்கு அடுத்த இடத்தில் நின்றது, லெவி பின்டோ 100, 200 மீட்டர் இரண்டிலும் முதல்வர், கால்பந்திலும் தங்கம். ஆனாலும் அந்த விழா நமக்கு விட்டுச் சென்றது ஓர் அரங்கமும் ஓர் அமைப்பும். ஊர்தோறும் திடல் அமைப்பது அந்தத் திட்டத்தில் இல்லை.

இல்லாததன் விளைவை எண்களே சொல்லும். 1952 ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற கே.டி. ஜாதவ், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கக்காரர். அவர் பயணத்துக்குப் பணம் திரட்டியது எப்படி என்பது ஊரறிந்த செய்தி. கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வராக இருந்த கர்டேகர் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். அடுத்த தனிநபர் பதக்கம் 1996இல் லியாண்டர் பயஸுக்குக் கிடைத்தது, 44 ஆண்டுகள் கழித்து. பயஸ் பயின்றது சென்னையில் அமிர்தராஜ் குடும்பம் நடத்திய தனியார் டென்னிஸ் பயிற்சி மையத்தில். முதல் பதக்கத்தின் பின்னாலும் அடுத்த பதக்கத்தின் பின்னாலும் தனியாரின் கைதான் தெரிகிறது. இலங்கையில் இடைவெளி இன்னும் நீளம். டங்கன் வைட்டின் 1948 வெள்ளிக்குப் பின் சுசந்திகா ஜெயசிங்க 2000இல் சிட்னியில் பதக்கம் பெறும்வரை 52 ஆண்டுகள். விடுதலைதான் அந்த முதல் பதக்கங்களைத் தந்தது என்றால், அடுத்தடுத்த ஆண்டுகளில் அவை பெருகியிருக்க வேண்டும். மாறாக, பழைய கையிருப்பு தீர்ந்ததும் வரத்து நின்றுபோனதைத்தான் காண்கிறோம்.

கென்யாவைக் காட்டி இதை மறுப்பவர் உண்டு. 1963 டிசம்பரில் விடுதலை. 1964இல் வில்சன் கிப்ருகுட்டுக்கு 800 மீட்டரில் வெண்கலம். 1968 மெக்சிகோவில் மூன்று தங்கம். ஐந்தாண்டுக்குள் இவ்வளவு என்றால் விடுதலை விரைந்து பலன் தந்தது என்றுதானே பொருள் என்பார்கள். கிப்ருகுட் ராணுவ வீரர், கிப்சோகே கெய்னோ காவல்துறைக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடுபவரைக் கண்டெடுத்துச் சம்பளம் கொடுத்து ஓடவிடும் ஏற்பாடு காலனிக் காலத்திலேயே அங்கே வேரூன்றியிருந்தது. பிரிவினையில் குடும்பத்தை இழந்து வந்த மில்கா சிங் ஓடக் கற்றதும் நம் ராணுவத்தில் சேர்ந்த பிறகே. இன்னும் தெளிவான சான்று 1992 பார்சிலோனா. விடுதலை பெற்று ஓராண்டு ஆன குரோவேஷியாவும் லித்துவேனியாவும் கூடைப்பந்தில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றன. அந்த வீரர்கள் யுகோஸ்லாவிய, சோவியத் பயிற்சிக்கூடங்களில் வார்க்கப்பட்டவர்கள் என்பதை அவர்களே மறுக்க மாட்டார்கள். கென்யா செய்த நல்ல காரியம், பழைய ஏற்பாட்டைக் கலைக்காமல் அகலப்படுத்தியது. அதை நாம் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம்.

யாருடைய பிள்ளைகள் திடலுக்கு வர முடிந்தது என்று கேட்டேன். இந்தக் கேள்வியின் கூர்மை இலங்கைத் தமிழர் வரலாற்றில் வெளிப்படுவதைப் போல வேறெங்கும் வெளிப்படுவதில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 இரண்டு ஒலிம்பிக்கிலும் இலங்கைக்காக உயரம் தாண்டியவர். 1958இல் டோக்கியோ ஆசியப் போட்டியில் 2.03 மீட்டர் தாண்டி, இலங்கைக்கு ஆசியப் போட்டிகளில் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். அந்தப் போட்டி நடந்தது மே 24 முதல் ஜூன் 1 வரை. அதே நாள்களில் இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. மே 27இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. ஒரு தமிழர் தாண்டிய உயரத்தை நாடு தன் உயரமாக ஏற்றுக்கொண்டது. அவர் இனத்தாரைச் சம குடிமக்களாக ஏற்கவில்லை. விளையாட்டு மக்களை ஒன்றாக்கிவிடும் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1958ஐ எதிரே வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. 1999இல் யாழ்ப்பாணத் துரையப்பா விளையாட்டரங்கைச் சீரமைக்கத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அப்படிப்பட்ட திடலிலிருந்து அடுத்த எதிர்வீரசிங்கம் ஏன் வரவில்லை என்று எவரும் கேட்க முடியாது. இதோடு மலாயாவை ஒப்பிட வேண்டும். 1957இல் விடுதலை பெற்ற அந்த நாட்டுக்கு ம. ஜெகதீசன் என்ற தமிழர் 1962 ஜகார்த்தாவில் 200 மீட்டரிலும், 1966 பாங்காக்கில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார்; பின்னர் மருத்துவராகி, அந்நாட்டு விளையாட்டு நிர்வாகத்திலும் நீண்ட காலம் பொறுப்பு வகித்தார். மலேசியாவில் தமிழர்க்குக் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஓடி முடித்த பிறகும் அவருக்கு அங்கே இடமிருந்தது.

நெய்வேலியில் இதைப் பேசுவதற்குப் பொருத்தம் இருக்கிறது. 1956இல் இங்குள்ள பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது 1961இல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மேல்மண்ணை அகற்றுவதிலும், அடியிலிருந்து பொங்கும் ஊற்றுநீரின் அழுத்தத்தை இறைத்து இறைத்துத் தணிப்பதிலும் கழிந்தன. 1958இல் வந்து நிலக்கரி எங்கே என்று கேட்டவருக்கு மண்மேட்டையும் நீரையும்தான் காட்டியிருக்க முடியும். நிலக்கரிக்கு அந்தப் பொறுமையைக் காட்டிய அரசு, விளையாட்டுக்கு அதைக் காட்டவில்லை. அணியை அனுப்பியது, வந்த பதக்கத்தை எண்ணியது, பிள்ளைகள் ஆட மண்ணைச் சமன் செய்யவில்லை.

ஆனால் எங்கும் செய்யவில்லை என்று சொல்வது பிழை. பொதுத்துறை நகரியங்கள் அரசு அறிந்தோ அறியாமலோ அந்தப் பணியில் ஒரு பகுதியைச் செய்தன. வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய இந்த நகரியத்தில் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் போலவே விளையாட்டுத் திடலும் வாழ்க்கையின் சாதாரணத் தேவையாகக் கருதப்பட்டது. பாரதி விளையாட்டரங்கம் அதன் அடையாளம். ஒரு தொழிலாளியின் மகளும் பொறியாளரின் மகளும் ஒரே ஓடுபாதையில் ஓட முடிந்தது என்றால் அது விடுதலையின் நேரடிப் பலன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலையைச் சிலர் குறை கூறுவார்கள்: ஏற்கெனவே உருவான வீரரைத்தான் அது எடுத்துக்கொள்கிறது, புதியவரை உருவாக்குவதில்லை என்று. குறையில் உண்மை உண்டு. எனினும் ஓடினால் சோறு கிடைக்கும் என்ற உறுதி இல்லாத வீட்டில் எந்தத் தாயும் பிள்ளையை மாலை முழுதும் ஓடவிட மாட்டாள். அந்த வேலை, எடுக்கப்பட்ட ஒருவருக்கு மட்டுமன்றி, எடுக்கப்படாமல் போன நூறு பேரின் மாலைப் பொழுதுக்கும் காரணமாகிறது. வேலிக்கு அப்பாலும் பார்க்க வேண்டும். இந்த நகரியமும் சுரங்கமும் நிற்பது சுற்றுப்புறக் கிராமத்தார் கொடுத்த நிலத்தில். அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் திடல்களில் என்ன பங்கு கிடைத்தது? டோக்கியோவைப் பற்றி ஆராய்வது எவ்வளவு தேவையோ அவ்வளவு இதுவும் தேவை.

பசித்த நாட்டுக்குப் பந்தயம் எதற்கு என்ற கேள்வி 1951இலேயே எழுந்தது, இன்றும் எழுகிறது. விழாவுக்குக் கொட்டும் பணத்தைப் பற்றிக் கேட்டால் நானும் அந்தக் கேள்வியோடு நிற்பேன். திடலுக்குச் செலவிடும் பணத்தைப் பற்றிக் கேட்டால் ஏற்க மாட்டேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் காய்கறி விற்றுப் பிழைத்த தாயின் மகன் மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அவரிடம் திறமை இருப்பதை முதலில் கண்டவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். விடுதலை பெற்று எழுபது ஆண்டை நெருங்கும்போது, கிராமத்துப் பள்ளியில் அப்படி ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதைத்தான் விடுதலையின் விளைச்சல் என்கிறேன். அவர் இல்லாத பள்ளிகள் எத்தனை என்பதுதான் நாம் எண்ண வேண்டிய கணக்கு.

ஆகவே இந்த இரண்டு நாளும் கட்டுரை படிக்கும் அறிஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பதக்கப் பட்டியல்கள் அச்சில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுத வேண்டாம். பள்ளிகளின் விளையாட்டு விழாப் பதிவேடுகள், உடற்கல்வி ஆசிரியர் நியமனக் கோப்புகள், பொதுத்துறை நிறுவனங்களின் விளையாட்டுப் பிரிவுக் குறிப்புகள், நிலம் கொடுத்த கிராமங்களின் இளைஞர் மன்றக் கணக்கேடுகள் இவையெல்லாம் கரையான் அரிக்குமுன் தேடி எடுக்கப்பட வேண்டும். 1950களில் நெய்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் யார் ஓடினார்கள், யார் நிறுத்தப்பட்டார்கள் என்பது அவற்றில்தான் இருக்கிறது. முதல் அமர்வு பள்ளித் திடல்களைப் பற்றியது என்பதில் மகிழ்ச்சி. அதைத் தொடங்கிவைக்கிறேன்.