குறைந்த தண்ணீரில் அரளி
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கிணறு ஒரு மணி நேரம் இறைத்தால் வற்றிவிடுகிறது, மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு ஏற்ற பூச்செடி அரளி. சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் பல குடும்பங்கள் அரளி மொட்டை நம்பிப் பிழைக்கின்றன. நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் இச்செடியைப் பார்த்திருப்பீர்கள். வெயில் தாங்கும், ஆடுமாடு கடிக்காது என்றுதான் அங்கே வைக்கிறார்கள். ஆடுமாடு கடிக்காது என்கிற பேச்சில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அரளி இலையின் தோல் தடித்து, மெழுகு பூசியது போல் இருக்கும். நீராவி வெளியேறும் துளைகள் இலையின் அடிப்பக்கத்தில், மெல்லிய மயிர்கள் நிறைந்த சிறு குழிகளுக்குள் இருக்கின்றன. வறண்ட காற்று அவற்றை நேராகத் தொடுவதில்லை. எனவேதான் கோடையிலும் செடி பச்சையாக நிற்கிறது. ஆனால் தண்ணீரே காட்டாத அரளி சாகாமல் இருக்குமே தவிர, விற்கிற அளவுக்கு மொட்டு வைக்காது. வேர் பிடிக்கும் வரை வாரம் ஒரு தண்ணீரும், பிறகு மண்ணின் ஈரத்தைப் பார்த்து பத்து நாளுக்கு ஒரு தண்ணீரும் கொடுத்தால் போதும். நீர் தேங்கும் நிலம் மட்டும் ஆகாது.

முற்றிய கிளையில் பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் குச்சி வெட்டி நாற்றங்காலில் ஊன்றலாம், பதியனும் போடலாம். வேர் பிடித்த செடிகளை ஜூன், ஜூலை மாதங்களில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில், ஓர் அடி ஆழக் குழியில், 10 கிலோ தொழு உரம் இட்டு நட வேண்டும். ஏக்கருக்கு ஏறக்குறைய ஆயிரம் செடி பிடிக்கும். நட்ட நான்காம் மாதத்தில் பூக்கத் தொடங்கும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நல்ல வரத்து இருக்கும். மாலை கட்ட வாங்குபவர்கள் விரிந்த பூவை விரும்புவதில்லை. மொட்டாகவே பறித்துவிட வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் தொழு உரம் இடுங்கள்.

மஞ்சள் அசுவினி இளந்தளிரில் அப்பினால், லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம். பெரிய பச்சைப் புழுக்களைக் கையால் பொறுக்கினாலே போதும்.

இனிக் கவாத்து. அரளி புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். ஆகவே பூ வரத்து குறைந்தவுடன் கிளைகளை வெட்டிவிட வேண்டும். வெட்டும்போது கசியும் பால் கண்ணில் படக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

வெட்டிய கொம்புகளை என்ன செய்கிறீர்கள்? வரப்பில் எறிந்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். செடியில் இருக்கும் பச்சை இலை கசப்பதால் கால்நடை பெரும்பாலும் ஒதுக்கிவிடும். வாடிக் காய்ந்த இலையில் அந்தக் கசப்பு குறைந்துவிடுகிறது. நஞ்சு மட்டும் குறைவதில்லை. பசித்த ஆடு அதைத் தின்றுவிடும். காற்றில் பறந்த சருகு சோளத்தட்டில் கலந்தால் மாடும் தெரியாமல் தின்னும். இந்த நஞ்சு இருதயத்தைத் தாக்குவது. ஒரு கைப்பிடி இலையே பெரிய மாட்டுக்கு எமனாகலாம். எச்சில் வடிதல், கழிச்சல், நாடி தாறுமாறாக அடித்தல் தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, அரளி தின்றிருக்கலாம் என்று சொல்லுங்கள். எதுவும் தெரியும் முன்பே மாடு விழுந்துவிடுவதும் உண்டு.

கொம்புகளை அன்றைக்கே சேர்த்துக் குழியில் போட்டு மண் மூடிவிடுங்கள். அடுப்பெரிக்க வேண்டாம், புகையும் கெடுதல். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் அரளி வைக்காதீர்கள். உதிரும் இலை தொட்டிக்குள்தான் விழும். கவாத்து நாளில் ஆடுகளைப் பட்டியிலேயே அடைத்து வைத்து, பக்கத்துக் காட்டுக்காரருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.