சுறாவின் ஆண் உறுப்பு

தலைமன்னார்க் கரையில் வந்திறங்கும் சுறாவினதும் திருக்கையினதும் அடிப்புறத்தைச் சற்றே நோக்குங்கள். இடுப்புச் செட்டைகளின் உட்புறத்தே விரல்போன்ற இரு நீட்சிகள் தென்படின், அது ஆண். பெண்மீனைப் பற்றிப்பிடிக்கும் கைகள் இவையென அறிஞர் சிலர் முன்னாளிற் கருதினர். உண்மையிலோ, விந்தினைப் பெண்ணின் உடலினுட் செலுத்தும் உறுப்புகளே இவை. குருத்தெலும்பாலான இவற்றின் நெடுகிலும் விந்து செல்லப் பள்ளமொன்று உண்டு. இரண்டிருப்பினும், புணர்ச்சியிற் பெரும்பாலும் ஒன்றே பயன்படும்.

பிற மீன்கள் பல, முட்டைகளை ஏராளமாக நீரிற் சொரிகின்றன. சுறாவோ உள்ளேயே கருவுற்று, பெரும்பாலும் சில குட்டிகளையே ஈனுகின்றது. ஆகவே, இழப்பை ஈடுசெய்யக் காலம் நெடிது வேண்டும்.

இளம் ஆணின் உறுப்பு குறுகி மென்மையாயிருக்கும். பருவமெய்தியபின் நீண்டு கெட்டிப்படும். மென்மையான உறுப்புடையனவே வலையில் மிகுந்தால், இனம் பெருக்குமுன்னரே அவற்றை நாம் அழிக்கின்றோம் என்பதை உணர்தல் வேண்டும்.